கேட்ட ஆலோசனையும் கேளாத ஆலோசனையும்



2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அறிவிப்பில் நிறுத்தப்பட்டது, அதே ஆண்டு நவம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டது, இடைப்பட்ட மாதங்களில் எமது வயல்கள் என்ன பாடுபட்டன என்பதையெல்லாம் இதை வாசிப்பவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று வட்டையிலும் பள்ளிவாசலடியிலும் தேநீர்க் கடையிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். "இதை அரசாங்கத்துக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?" விவசாய விஞ்ஞானிகள் பலர் இப்படி ஒரேயடியாகச் செய்ய வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதியது ஒரு பக்கம் கிடக்க, முடிவு வேறு பக்கம் போனது.

ஓர் அரசாங்கம் விஞ்ஞானிகளிடம் எப்படி ஆலோசனை கேட்கிறது, கேட்ட பிறகு என்ன செய்கிறது என்பதற்குப் பக்கத்து நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. எமது பாடப் புத்தகங்களில் 'பசுமைப் புரட்சி' என்ற தலைப்பில் ஒரு பந்தியில் முடிந்துபோகும் வரலாறுதான் அது. அந்தப் பந்தியில் வராத ஒரு விடயம் உண்டு. 1960களில் இந்திய அரசாங்கத்துக்கு ஒரே விஞ்ஞானி இரண்டு ஆலோசனைகளைச் சொன்னார். முதலாவதைக் கேட்டார்கள், கோடிக்கணக்கான வயிறுகள் நிரம்பின. இரண்டாவதைக் கேட்கவில்லை, அதன் விலையைப் பஞ்சாப் விவசாயி இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

சுதந்திரம் பெற்றபோது இந்தியாவின் மனதில் ஆறாத காயமாக இருந்தது 1943 வங்காளப் பஞ்சம். அதில் இறந்தவர்கள் 20 இலட்சத்துக்கும் 30 இலட்சத்துக்கும் இடையில் என்று மதிப்பிடுவார்கள். 1942இல் பர்மா ஜப்பானியரின் கையில் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. அந்த அடி இலங்கைக்கும் விழுந்ததுதான். எமது நாட்டில் அரிசிப் பங்கீடு ஆரம்பமானதும் அந்த ஆண்டிலேயே. ஆனால் வங்காளத்தில் பட்டினி மட்டுமல்ல, நிர்வாகமும் சேர்ந்து மக்களைக் கொன்றது.

நேரு விஞ்ஞானத்தின் மீது நம்பிக்கை வைத்தவர். 1958 மார்ச்சில் 'விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானம்' என்ற ஒன்றைப் பாராளுமன்றத்தில் முன்வைத்தார். அதற்கு முன்பே, 1956இல், அமைச்சரவைக்கு விஞ்ஞான ஆலோசனை சொல்ல ஒரு குழு அமைக்கப்பட்டு, அணுவிஞ்ஞானி ஹோமி பாபா அதன் தலைவரானார். பாபா நினைத்த நேரத்தில் பிரதமரைச் சந்திக்கக் கூடியவர். அணுசக்திக்கு அந்த வாசல் திறந்திருந்தது. பயிருக்கு அது இல்லை. இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகம் 1929இலேயே உருவானது என்றாலும் அதன் தலைமையில் இருந்தவர்கள் நிர்வாக சேவை அதிகாரிகள். விதையைப் பற்றி ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவர், கோப்பு பார்க்கும் அதிகாரியின் அறைக்கு வெளியே காத்திருக்க வேண்டிய நிலை.

இடையில் ஒருவரைச் சொல்லாமல் விட எமக்கு மனமில்லை. 1952 முதல் 1954இல் இறக்கும் வரை உணவு, விவசாய அமைச்சராக இருந்த ரஃபி அகமது கித்வாய். உணவுக் கட்டுப்பாடுகளைத் துணிந்து தளர்த்தியவர் அவர். இந்திய விவசாய விஞ்ஞானிகளுக்கு வழங்கப்பட்ட பெரிய விருது ஒன்று அவருடைய பெயரில்தான் இருந்தது. எமது பிள்ளைகளுக்கு அப்துல் கலாமைத் தெரியும், மௌலானா ஆசாதைத் தெரியும். கித்வாயைத் தெரியாது.

கித்வாய்க்குப் பிறகு நிலைமை மீண்டும் இறங்கியது. 1956 முதல் அமெரிக்காவின் பி.எல். 480 சட்டத்தின் கீழ் கோதுமை வரத் தொடங்கியது. டொலர் கொடுக்காமல் ரூபாயில் வாங்கலாம் என்பதால் வசதியாக இருந்தது. வசதி பழக்கமாகி, பழக்கம் தங்கியிருத்தலாகியது. கப்பல் வந்தால்தான் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடுப்பெரியும் என்ற நிலைக்கு நாடு வந்து சேர்ந்தது.

1964 மே மாதம் நேரு காலமானார். ஜூனில் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி, உருக்கு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியத்தை உணவு, விவசாய அமைச்சராக்கினார். அந்தக் காலத்தில் உருக்கு என்றால் பெரிய பதவி. விவசாய அமைச்சோ, பேர் கெடுவதற்கென்றே போய் அமரும் கதிரை. சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பௌதிகவியல் படித்துவிட்டுச் சட்டத்துக்குப் போனவர். சென்னை மாகாணத்தில் கல்வி அமைச்சராக இருந்து பழகியவர். பதவியேற்றதும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, விவசாய விஞ்ஞானிகளை அழைத்து உட்காரவைத்து, "உங்களிடம் என்ன இருக்கிறது, அது ஏன் வயலுக்குப் போகவில்லை" என்ற வகையில் விசாரித்தது.

அவர்களிடம் ஒன்று இருந்தது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நெல் செய்யும் எமது மக்களுக்கு இது இலகுவாக விளங்கும். பழைய இனப் பயிர் உயரமாக வளரும். யூரியா கூடினால் இன்னும் உயரும், கதிர் கனக்கும், ஒரு காற்றடித்தால் படுத்துவிடும். அப்போது போட்ட பசளையும் வீண், விளைச்சலும் வீண். கோதுமையிலும் இதே கதைதான். ஆகவே இந்திய விவசாயி பசளை குறைவாகப் போட்டது அறியாமையால் அல்ல. அந்தப் பயிருக்கு அதற்கு மேல் தாங்காது என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். தேவைப்பட்டது, குட்டையான உறுதியான தண்டில் பெரிய கதிர் தாங்கும் ஓர் இனம்.

டில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிறுவகத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் இதற்காக உழைத்துக்கொண்டிருந்தார். 1925இல் கும்பகோணத்தில் பிறந்தவர். பொலிஸ் சேவைப் பரீட்சையில் தேறியும் அதற்குப் போகாமல் பயிர் மரபியல் படிக்க நெதர்லாந்துக்கும், பிறகு கேம்பிரிட்ஜுக்கும் போனவர். கதிர்வீச்சால் பயிரின் மரபணுவை மாற்றித் தண்டைக் குட்டையாக்க முயன்றார். தண்டு குட்டையானது, கூடவே கதிரும் குட்டையானது. வருடக்கணக்கான உழைப்பு அந்த இடத்தில் நின்றுவிட்டது.

வழி ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே 1935இல் வெளியான 'நோரின் 10' என்ற கோதுமை, தண்டு குட்டையாகியும் கதிர் குறையாத இனம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் விதை அமெரிக்காவுக்குப் போய், அங்கிருந்து மெக்சிக்கோவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நோர்மன் போர்லாக்கின் கையை அடைந்தது. அவர் அதை மெக்சிக்கோ இனங்களுடன் கலந்தார். சுவாமிநாதனின் முயற்சியால் 1963 மார்ச்சில் போர்லாக் இந்தியாவுக்கு வந்து வயல்களைச் சுற்றிப் பார்த்தார். அவ்வருடக் கடைசியில் சில இனங்களின் விதைகள், ஒவ்வொன்றிலும் சுமார் 100 கிலோ, இந்தியாவுக்கு வந்தன. பல மாநிலங்களிலுள்ள ஆய்வுப் பண்ணைகளில் விதைத்துப் பார்த்தார்கள். விளைச்சல், ஆராய்ச்சியாளர்களே மறுபடி நிறுத்துப் பார்க்கும் அளவுக்கு இருந்தது.

சுப்பிரமணியத்தின் மேசைக்கு வந்த ஆலோசனை இதுதான். இந்த விதையைக் கொண்டுவாருங்கள், தண்ணீர் நிச்சயமாகக் கிடைக்கும் இடங்களில் முதலில் போடுங்கள், பசளையை உறுதிப்படுத்துங்கள், விளைந்ததை நல்ல விலைக்கு அரசாங்கமே வாங்குங்கள். நாலும் சேர்ந்து நடக்க வேண்டும், ஒன்று பிசகினாலும் பயனில்லை.

எதிர்ப்பு எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது, அதில் நியாயமும் இருந்தது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, பசளைக்கும் விதைக்கும் அந்நியச் செலாவணி எங்கே என்று கேட்டார். விவசாயிக்கு விலையைக் கூட்டினால் நகரத்தில் ரொட்டி விலை கூடாதா என்றும் கேட்டார். திட்டக் குழுவில் இருந்தவர்களுக்கு இது வசதியான விவசாயிகளை மேலும் வசதியாக்கும் திட்டமாகத் தெரிந்தது. இடதுசாரிகள் அமெரிக்க வலை என்றார்கள். விஞ்ஞானிகளுக்குள்ளேயே, வெளிநாட்டு விதையைப் பெருமளவில் கொட்டினால் புதிய நோய் வந்து முழுப் பயிரும் போய்விடாதா என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். இவர்களில் யாரையும் கதையின் வில்லனாக்க நாம் விரும்பவில்லை. அவர்கள் எழுப்பிய கேள்விகளில் பாதி பின்னால் உண்மையாகவே திரும்பி வந்தன.

சுப்பிரமணியம் அதிகாரத்தைக் காட்டி இதை முடிக்கவில்லை. வயலில் காட்டினார். விவசாயிகளின் சொந்த நிலங்களில் செய்கைக் காட்சிகள் வைக்கப்பட்டன. அவை பெரிய பண்ணையாரின் நிலத்தில் அல்லாமல் சிறு விவசாயியின் நிலத்தில் இருக்க வேண்டும் என்று சுவாமிநாதன் பிடிவாதமாக நின்றார். பணக்காரனின் நிலத்தில் விளைந்தால் அது விதையால் அல்ல, பணத்தால் என்றுதான் பக்கத்து நிலத்துக்காரன் சொல்லுவான். எமது விவசாயப் போதனாசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விடயம். டில்லிக்கு அருகே ஜௌந்தி என்ற கிராமம் விதை உற்பத்திக் கிராமமாகவே மாறியது. அமைச்சரும் சும்மா இருக்கவில்லை. டில்லியில் தனது அரசாங்க பங்களாவின் புல்வெளியை உழுது புதிய கோதுமையை விதைத்தார். வருகிற எம்.பி.மார் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இன்னொரு வேலையும் செய்தார். இந்தக் கதையில் மிக முக்கியமானது இதுதான் என்பது எமது அபிப்பிராயம். 1965இல் விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையை அதிகாரிகளிடமிருந்து எடுத்து, முதன்முறையாக ஒரு விஞ்ஞானியிடம் கொடுத்தார். அவர் பி.பி. பால். துரு நோயைத் தாங்கும் கோதுமை இனங்களை உருவாக்கியவர், ரோஜாச் செடிப் பிரியர். அடுத்த ஆண்டு சுவாமிநாதன் டில்லி நிறுவகத்தின் பணிப்பாளரானார்.

சூரா யூசுஃபை ஓதும்போது நாம் பெரும்பாலும் கிணற்றையும் சிறையையும் நினைக்கிறோம். அங்கே ஓர் உணவுக் கொள்கையும் இருக்கிறது. அரசன் கனவுக்கு விளக்கம் கேட்டான். யூசுஃப் அலைஹிஸ்ஸலாம் விளக்கத்தோடு நிற்காமல், ஏழு வருடம் பயிரிடுங்கள், அறுத்ததை உண்ணும் அளவு போக மீதியைக் கதிரிலேயே விட்டுவையுங்கள் என்று செய்முறையும் சொன்னார்கள். அரசன் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் பழைய அதிகாரிகளிடமே வேலையைக் கொடுக்கவில்லை. களஞ்சியத்தைச் சொன்னவரிடமே ஒப்படைத்தான்.

விலைக்கும் களஞ்சியத்துக்கும் ஏற்பாடு அதே 1965இல் நடந்தது. ஜனவரியில் இந்திய உணவுக் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். விவசாய விலைகள் ஆணைக்குழுவும் அதே மாதம். விளைந்தால் வாங்குவதற்கு ஆள் இருக்கிறது, இன்ன விலைக்கு வாங்கும் என்பது விதைக்கும் முன்பே விவசாயிக்குத் தெரிந்திருந்தது. நெல்லை அறுத்துக் களத்தில் குவித்துவிட்டு விலைக்காகக் காத்திருக்கும் எமது மக்களுக்கு இதன் அருமை புரியும்.

அந்த வருடம் மெக்சிக்கோவிலிருந்து 250 தொன் விதை வாங்கப்பட்டது. பாகிஸ்தானும் அப்போதே அதே விதையை வாங்கியது. விதைகள் கடலில் வந்துகொண்டிருக்கும்போது இரண்டு நாடுகளும் யுத்தத்தில் இறங்கிவிட்டன! வந்து சேர்ந்ததிலும் ஒரு சிக்கல். புகையூட்டும்போது மருந்து கூடிப்போய் முளைதிறன் குறைந்திருந்தது. விதையை அள்ளிக் கொட்டிச் சமாளித்தார்கள். அல்லாஹ்வின் நாட்டம், பயிர் பிழைத்தது.

பிழைக்காதது மழை. 1965இலும் 1966இலும் அடுத்தடுத்துப் பருவமழை பொய்த்தது. மொத்த தானிய விளைச்சல் சுமார் 8 கோடி 90 இலட்சம் தொன்னிலிருந்து 7 கோடி 20 இலட்சம் தொன்னுக்கு விழுந்தது. பீகாரில் பஞ்சம் தலைகாட்டியது. 1966இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி தொன் தானியம் வெளியிலிருந்து வந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன் மொத்தமாக அனுப்ப மறுத்து, மாதத்துக்கு மாதம் பார்த்துப் பார்த்து விடுவித்தார். வியட்நாம் யுத்தத்தை இந்தியா கண்டித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. சாஸ்திரி, திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடுங்கள் என்று நாட்டு மக்களிடம் கேட்டார். நோன்பு நோற்றுப் பழகிய எமக்கு ஒரு வேளை உணவை விடுவது பெரிதல்ல. ஆனால் ஒரு பிரதமர் வாய்திறந்து அப்படிக் கேட்க வேண்டி வந்தால் அவர் மனம் எப்படி இருந்திருக்கும். 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கந்தில் காலமானார். 1967இல் அமெரிக்காவில் பெடொக் சகோதரர்கள் ஒரு நூல் எழுதி, இந்தியாவைக் காப்பாற்றுவது வீண், உதவியை வேறு நாடுகளுக்குக் கொடுங்கள் என்றார்கள்.

அந்த இருட்டுக்குள்தான் 1966இல் 18,000 தொன் விதைக் கோதுமைக்குக் கையெழுத்துப் போட்டார்கள். சாப்பிடக் கோதுமை இல்லாத நாடு விதைக்கக் கோதுமை வாங்கியது. பிழைத்திருந்தால் விஞ்ஞானிகளின் பெயர் மட்டுமல்ல, அமைச்சரவையே போயிருக்கும்.

மெக்சிக்கோ விதையில் இன்னொரு குறை. அதன் மணி சிவப்பு. வட இந்தியருக்கு வெளிர் மஞ்சள் மணியில்தான் ரொட்டி பிடிக்கும், சந்தையிலும் அதற்குத்தான் விலை. நாட்டரிசிச் சோறுக்கும் வெள்ளைப் பச்சரிசிச் சோறுக்கும் எமது வீடுகளில் நடக்கும் வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இந்திய விஞ்ஞானிகள் அந்த விதையிலிருந்து தெரிவு செய்து தெரிவு செய்து, மஞ்சள் மணி தரும் கல்யாண் சோனா, சோனாலிகா என்ற இனங்களை 1967 அளவில் வெளிக்கொண்டுவந்தார்கள். வெளிநாட்டு விதை உள்ளூர் விதையானது அங்கேதான்.

1968 வசந்தத்தில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அறுவடை. 1964-65இல் சுமார் 1 கோடி 20 இலட்சம் தொன்னாக இருந்த கோதுமை 1 கோடி 65 இலட்சம் தொன்னைத் தொட்டது. சாக்கு போதவில்லை, மாட்டு வண்டி போதவில்லை. வைக்க இடமில்லாமல் பாடசாலைகளை மூடி வகுப்பறைகளில் கோதுமை கொட்டினார்கள். எம்மைப் போன்றவர்களுக்கு பாடசாலை மூடுவதில் சந்தோசம் தரும் காரணம் ஒன்று வரலாற்றில் இருக்கிறதென்றால் அது இதுதான். அவ்வருடம் ஜூலையில் இந்திரா காந்தி 'கோதுமைப் புரட்சி' என்று முத்திரை வெளியிட்டார். 1970இல் போர்லாக்குக்கு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சுப்பிரமணியம் அப்போது அமைச்சரல்ல. 1967 தேர்தலில் தமிழ்நாட்டில் தோற்றுப்போயிருந்தார். அந்தத் தேர்தலில் காங்கிரஸைக் கவிழ்த்தவற்றில் ஹிந்தி எதிர்ப்போடு அரிசித் தட்டுப்பாடும் ஒன்று.

இனி இரண்டாவது ஆலோசனை.

1968 ஜனவரி, வாரணாசியில் இந்திய விஞ்ஞான மாநாடு. அந்த அறுவடை இன்னும் வீட்டுக்கு வரவில்லை. 'பசுமைப் புரட்சி' என்ற பெயரே உலகத்தில் இல்லை, அது மார்ச்சில்தான் ஓர் அமெரிக்க அதிகாரியின் வாயிலிருந்து வந்தது. அந்த மாநாட்டில் சுவாமிநாதன் எழுந்து எச்சரித்தார். மண்ணின் வளத்தைப் பேணாமல் தீவிரமாகப் பயிர் செய்தால் நிலம் பாலையாகும். வடிகால் இல்லாமல் நீர் பாய்ச்சினால் மண் உவராகும். கிருமிநாசினியைக் கண்டபடி அடித்தால் நஞ்சு உணவு வழியே மனிதனுக்குள் போகும். நிலத்தடி நீரை விஞ்ஞானமில்லாமல் உறிஞ்சினால் அந்தச் செல்வம் வேகமாகத் தீர்ந்துபோகும். உள்ளூர் இனங்கள் பலவற்றை விட்டுவிட்டு ஒன்றிரண்டு இனங்களை மட்டும் பெரும் பரப்பில் போட்டால், ஒரு நோய் முழுவதையும் துடைத்துவிடும். அவர் சொன்னதன் சாரம் இது. தான் பெற்றெடுத்த பிள்ளையைப் பற்றி, அது நடக்கத் தொடங்கும் முன்பே இப்படிச் சொன்னார்.

யாரும் அவரைத் திட்டவில்லை, மறுக்கவுமில்லை. கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கடைசி எச்சரிக்கை சீக்கிரமே பலித்தது. 1970களின் தொடக்கத்தில் கல்யாண் சோனா துரு நோய்க்கு ஆளாகியது. நல்ல வேளையாக ஆய்வுகூடத்தில் மாற்று இனங்கள் தயாராக இருந்தன. தண்ணீருக்கு அப்படி மாற்று இல்லை. பஞ்சாபியர் சோறு தின்னும் மக்களல்லர். ஆனால் அரசாங்கம் நெல்லையும் உறுதியாக வாங்கும் என்றதும் கோதுமைக்குப் பின் நெல் என்று வருடம் முழுவதும் நிலம் ஓய்வில்லாமல் போனது. 1997இல் விவசாயிக்கு மின்சாரம் இலவசம் என்று மாநில அரசாங்கம் அறிவித்தது. குழாய்க் கிணற்று மோட்டாரை நிறுத்த யாருக்கும் காரணமில்லாமல் போனது. இன்று பஞ்சாபில், வருடாவருடம் நிலத்துக்குள் இறங்கும் நீரைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் வெளியே எடுக்கிறார்கள்.

பசளையிலும் அப்படித்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் ஓர் அளவில் இருக்க வேண்டும் என்பது விஞ்ஞானியின் வார்த்தை. யூரியாவுக்குத்தான் மானியம் அதிகம் என்பது அரசியல்வாதியின் கணக்கு. விவசாயி மலிவானதை அள்ளிப் போட்டார். நாம் அவரைக் குறை சொல்ல மாட்டோம், எமது வயலில் நாமும் அதையே செய்வோம்.

முதல் ஆலோசனை ஏன் எடுபட்டது, இரண்டாவது ஏன் எடுபடவில்லை? முதலாவது 'கொடு' என்றது: விதை கொடு, பசளை கொடு, விலை கொடு. இரண்டாவது 'குறை' என்றது. கொடுப்பதில் வாக்கு இருக்கிறது. குறைப்பதில் வாக்குப் போகும். இதில் டில்லி, சண்டிகார், கொழும்பு என்ற பேதம் எமக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சுவாமிநாதன் பசளையை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னவரல்ல. பிற்காலத்தில் அவர் 'என்றும் பசுமைப் புரட்சி' என்று பேசியபோதும், விளைச்சல் விழாமல் மண்ணைக் காப்பாற்றிப் படிப்படியாக மாறுவதைத்தான் சொன்னார். அளவுக்கு மீறிக் கொட்டுவதும் ஒரேயடியாக நிறுத்துவதும் பார்வைக்கு எதிரெதிர். இரண்டிலும் மண்ணைப் பரிசோதிக்க யாரும் போகவில்லை.

விஞ்ஞானிகளை மலக்குகளாக்கவும் நாம் வரவில்லை. கதிர்வீச்சால் மணியின் நிறம் மாற்றி உருவாக்கிய 'சர்பதி சோனோரா' என்ற கோதுமையில் லைசின் என்ற சத்து மிக அதிகம் என்று டில்லி நிறுவகம் பெருமைப்பட்டது. பிறகு வேறு இடங்களில் பரிசோதித்தபோது அது நிலைக்கவில்லை. 1972இல் அதே நிறுவகத்தில் ஓர் இளம் விஞ்ஞானி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மேலிடத்தின் எண்ணத்துக்குப் பொருந்தும் தரவுகளே திரட்டப்படுகின்றன என்பது அவர் விட்டுச் சென்ற கடிதத்தில் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. பாராளுமன்றம் வரை போனது. முன்னாள் பிரதம நீதியரசர் கஜேந்திரகட்கர் தலைமையில் விசாரணை நடந்து, விஞ்ஞானிகளைத் தெரிவு செய்யத் தனிச் சபை 1973இல் உருவானது. ஆலோசனை சொல்பவருக்குக் கீழே இருப்பவர் அவருக்குப் பிடித்ததை மட்டும் சொல்லத் தொடங்கினால், மேலே போகும் ஆலோசனை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு இந்தியாவில் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. பெயர் மாறி மாறிப் பல வந்தன. 1999இல் பிரதம விஞ்ஞான ஆலோசகர் என்ற பதவியே ஏற்படுத்தப்பட்டு, முதலாமவராக எமது இராமேஸ்வரத்து அப்துல் கலாம் நியமிக்கப்பட்டார். இரண்டு வருடம் இருந்தார். அந்தப் பதவி இன்றும் இருக்கிறது. ஆனால் 1965இல் நடந்ததுபோல், அமைச்சர் ஒருவர் தானே தேடிப்போய்க் கேட்டு, பொறுப்பையும் தன் தலையில் போட்டுக்கொண்டது எத்தனை தடவை நடந்தது என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும்.

2004இல் சுவாமிநாதனையே தலைவராக்கி விவசாயிகளுக்கான தேசிய ஆணைக்குழு அமைத்தார்கள். 2006 வரை ஐந்து அறிக்கைகள் கொடுத்தார். செலவுக்கு மேல் குறைந்தது பாதியளவு சேர்த்து ஆதரவு விலை கொடுங்கள் என்பது அதில் பிரபலமான வரி. நீரைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் எழுதியவற்றை அதிகம் பேர் பேசுவதில்லை.

பஞ்சாப் அரசாங்கம் 2009இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜூன் 10க்கு முன் நாற்று நடக் கூடாது, மழைக்காலத்தை ஒட்டி நட்டால் நிலத்தடி நீர் மிச்சமாகும் என்பது நோக்கம். நல்ல ஆலோசனைதான். ஆனால் நடுகை பிந்த அறுவடையும் பிந்தியது. அடுத்த கோதுமை விதைப்புக்கு நாட்கள் போதவில்லை, வைக்கோலை வயலிலேயே கொளுத்தினார்கள். ஒக்டோபர், நவம்பரில் டில்லியை மூடும் புகையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. 41 வருடம் கழித்துக் கேட்டாலும், அதுவும் பாதியை மட்டும் கேட்டால் இப்படித்தான்.

சுவாமிநாதன் 2023 செப்டெம்பர் 28இல் சென்னையில் காலமானார், வயது 98. 2024 பெப்ரவரி 9ஆம் திகதி அவருக்கு பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, 13ஆம் திகதி, பஞ்சாப் விவசாயிகள் டிரக்டர்களோடு டில்லிக்குப் புறப்பட்டார்கள். ஹரியானா எல்லையில் கொங்கிரீட் கட்டைகளும் கண்ணீர்ப்புகையும் காத்திருந்தன. அவர்கள் கையில் இருந்த கோரிக்கைகளில் முதன்மையானது, சுவாமிநாதன் ஆணைக்குழு சொன்னபடி விலை கொடுங்கள் என்பது.